ஆண்கள் தவித்த வெள்ளிக்கிழமை!

ஒரே ஒரு நாள் பெண்கள் லீவு எடுத்தார்கள். ஒரு நாடே நின்றுபோயிற்று. அன்று அந்த நாட்டு ஆண்கள் கற்ற பாடம் என்ன?

உலகப் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கு வடமேற்கே, அட்லாண்டிக் மாகடலில், தனியாக ஒரு தீவு தெரிகிறதா? அதுதான் ஐஸ்லாந்து.

பனிக்கட்டி மூடிய மலைகளும், நெருப்பைக் கக்கும் எரிமலைகளும் அடுத்தடுத்து இருக்கும் விசித்திரமான நாடு. மரம் குறைவு. மீன் ஏராளம். மொத்த ஜனத்தொகையே சுமார் 4 லட்சம்தான். நம் மதுரை நகரத்தில் பாதிகூட இல்லை!

அந்த நாட்டுக்காரர்களுக்கும் நமக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. வெள்ளைக்காரர்களைப் போலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இல்லை. நாம் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை நம் பெயருக்கு முன்னால் போடுகிறோம். அவர்கள் தகப்பனார் பெயரைத் தங்கள் பெயருக்குப் பின்னால் போட்டு, அதோடு "மகன்" என்றோ "மகள்" என்றோ சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சின்னத் தீவு ஒரு விஷயத்தில் உலகத்துக்கே முதல்.

எந்த நாட்டில் ஆணும் பெண்ணும் அதிகச் சமமாக வாழ்கிறார்கள் என்று உலகப் பொருளாதார மன்றம் ஆண்டுதோறும் கணக்கு எடுக்கிறது. 2009-ம் ஆண்டு முதல் 2025-ம் ஆண்டு வரை, ஓர் ஆண்டுகூட விடாமல், ஐஸ்லாந்துக்குத்தான் முதல் இடம்.

எப்படிக் கிடைத்தது? "பெண்கள் போராடினார்கள், பெற்றார்கள்" என்று சொல்வது வழக்கம். அது உண்மை. ஆனால் பாதி உண்மை.

மீதிப் பாதி, ஆண்களின் கதை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

வேலை நிறுத்தமா, லீவா?

1975-ம் ஆண்டை "சர்வதேச மகளிர் ஆண்டு" என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. உலகம் எங்கும் கூட்டம் போட்டார்கள், பேசினார்கள், மாலை போட்டார்கள்.

ஐஸ்லாந்துப் பெண்களுக்கு அது போதவில்லை. அவர்கள் மனதில் ஒரு குறை இருந்தது.

வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே ஏராளம். ஆனால் ஆண்கள் 100 ரூபாய் வாங்கினால், பெண்களுக்குக் கிடைத்தது 60 ரூபாய்க்கும் குறைவு. பார்லிமெண்டில் 60 மெம்பர்கள். அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? மூன்றே மூன்று!

வெளியே வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே இன்னொரு வேலை காத்திருக்கும். சமையல், துணி, குழந்தை. அதற்குச் சம்பளமும் இல்லை. "நன்றி" என்ற ஒரு வார்த்தையும் இல்லை.

"ஒரு நாள் எல்லோரும் வேலை நிறுத்தம் செய்வோம். அப்போது தெரியும் நம் அருமை" என்றார்கள் சில பெண்கள்.

மற்றவர்கள் தயங்கினார்கள். வேலை நிறுத்தம் என்றால் வீண் வம்பு. முதலாளி வேலையை விட்டு நீக்கினால் என்ன செய்வது?

அப்போது ஒரு யோசனை வந்தது. வேலை நிறுத்தம் என்று ஏன் சொல்ல வேண்டும்? "லீவு" என்று சொன்னால் போகிறது!

ஒரு நாள் லீவு எடுக்கும் பெண்ணை யாரால் வேலையை விட்டு நீக்க முடியும்? பெயரை மாற்றியதும் தயங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வெளியே வேலைக்குப் போகாத குடும்பப் பெண்களும் சேர்ந்தார்கள். அவர்களும் அன்று லீவு. அடுப்புக்கு லீவு, தொட்டிலுக்கு லீவு.

நாள் குறித்தார்கள். அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை.

நின்றுபோன நாடு

அன்று அந்த நாட்டுப் பெண்களில் 100-க்கு 90 பேர் வேலை செய்யவில்லை.

டெலிபோன் நிலையங்களில் இணைப்புக் கொடுக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடங்கள் பல மூடிக் கிடந்தன. மீன் தொழிற்சாலைகள் ஓடவில்லை. விமானப் பணிப்பெண்கள் வராததால் விமானங்கள் புறப்படவில்லை. பாங்கிகளில் பணம் வாங்கும் இடத்தில் பெரிய மானேஜர்களே வந்து உட்கார்ந்து, நோட்டுகளை எண்ணினார்கள்.

பத்திரிகை ஆபீசுகளும் தப்பவில்லை. அச்சுக்கோப்பவர்கள் பெண்கள். அவர்கள் நள்ளிரவு தாண்டிய பிறகே வேலைக்குத் திரும்பினார்கள். மறுநாள் பத்திரிகை மெலிந்துபோய் வெளிவந்தது!

தலைநகரமான ரெய்க்யவிக்கில் 25 ஆயிரம் பெண்கள் ஒரே இடத்தில் கூடினார்கள். அப்போது அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து எண்ணினாலும், 9 பேரில் ஒருவர் அந்தக் கூட்டத்தில் நின்றார் என்று அர்த்தம்.

சரி, அன்று ஆண்கள் என்ன செய்தார்கள்?

ஆபீசில் அழுத குழந்தை

அம்மா லீவு. பள்ளிக்கூடம் லீவு. குழந்தையை யார் பார்ப்பது?

அப்பா பார்த்தார். வேறு வழி?

குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டும், கையில் பிடித்துக்கொண்டும் ஆண்கள் ஆபீசுக்குப் போனார்கள். இப்படி நடக்கும் என்று தெரிந்த சில முதலாளிகள், முன்கூட்டியே மிட்டாயும், பென்சிலும், காகிதமும் வாங்கி வைத்திருந்தார்கள். பெரிய அதிகாரிகளின் மேஜைக்கு அடியில் குழந்தைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

ரேடியோவில் செய்தி வாசித்தார்கள். அதற்குப் பின்னணியாகக் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டது!

மாலையில் இன்னொரு சங்கடம். சாப்பாடு!

"சாசேஜ்" என்று ஒரு பண்டம் உண்டு. கொத்திய இறைச்சியை நீளமாக அடைத்துச் செய்வார்கள். வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும். சமைக்கத் தெரியாதவனும் சமைத்துவிடலாம். அன்று கடைகளில் அந்தப் பண்டம் தீர்ந்துவிட்டது. ஆண்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்ட நாளை நாம் "பெரிய வெள்ளி" என்கிறோம். ஐஸ்லாந்து மொழியில் அதற்கு "நீண்ட வெள்ளிக்கிழமை" என்று பெயர். பெண்கள் லீவு எடுத்த அந்த நாளுக்கும் ஆண்கள் அதே பெயரை வைத்தார்கள். வேடிக்கையாகத்தான் வைத்தார்கள். ஆனால் அந்த நாள் எவ்வளவு நீண்டது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

மறு ஆண்டே, 1976-ல், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது.

1980-ல் ஜனாதிபதி தேர்தல் வந்தது. மூன்று ஆண்களை எதிர்த்து ஒரு பெண் நின்றார். அவர் பெயர் விக்டிஸ் பின்போகாடோட்டிர். அதாவது, பின்போகியின் மகள் விக்டிஸ். நாடகக் கழகம் ஒன்றின் தலைவியாக இருந்தவர். விவாகரத்துப் பெற்றவர். ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்துத் தனியாக வளர்த்து வந்தவர். 1975-ல் ஒத்திகையை நிறுத்திவிட்டு அந்தப் பெண்கள் கூட்டத்துக்குப் போனவர்களில் அவரும் ஒருவர்.

அவர் ஜெயித்தார்! மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதிகளில், உலகத்திலேயே அவர்தான் முதல் பெண். 16 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

கதை இதோடு சுபமாக முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

முதலாளி போட்ட கணக்கு

சட்டம் வந்தது. பெண் ஜனாதிபதி வந்தார். ஆனால் பெண்களின் சம்பளம் ஆண்களின் சம்பளத்தை எட்டவில்லை. 1985-ல் பெண்கள் மறுபடியும் லீவு எடுத்தார்கள். அப்போதும் எட்டவில்லை.

ஏன்?

ஒரு கம்பெனி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உத்தியோகம் காலி. இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். இருவருக்கும் 27 வயது. படிப்பு ஒன்று, திறமை ஒன்று. இருவருக்கும் அண்மையில்தான் கலியாணம் ஆகியிருக்கிறது.

முதலாளி கெட்டவர் இல்லை. பெண்களை மதிப்பவர்தான். ஆனாலும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்.

"இந்தப் பெண்ணுக்கு நாளைக்குக் குழந்தை பிறக்கும். பல மாதம் லீவில் போவாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கும் லீவு. இந்தப் பையனுக்கும் குழந்தை பிறக்கும். ஆனால் அவன் மறுநாளே வேலைக்கு வந்துவிடுவான்."

உத்தியோகம் யாருக்குப் போகும்? சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. வெளியே யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் வேலை கொடுக்கும்போதும், சம்பளம் உயர்த்தும்போதும், பதவி உயர்வு தரும்போதும் அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கணக்கை மாற்ற ஒரே வழிதான் உண்டு. குழந்தை பிறந்தால் அந்தப் பையனும் வீட்டுக்குப் போக வேண்டும்!

"எடு, இல்லாவிட்டால் போச்சு!"

2000-ம் ஆண்டில் ஐஸ்லாந்து பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. குழந்தை பிறந்தால் மொத்தம் 9 மாத லீவு. அதில் 3 மாதம் தாய்க்கு. 3 மாதம் தகப்பனுக்கு. மீதி 3 மாதத்தை இருவரும் விருப்பம்போலப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு முடிச்சு வைத்தார்கள். தகப்பனுக்குரிய 3 மாதத்தைத் தகப்பன்தான் எடுக்க வேண்டும். "எனக்கு வேண்டாம், என் மனைவி எடுத்துக்கொள்ளட்டும்" என்று தள்ளிவிட முடியாது. அவன் எடுக்காவிட்டால் அந்த 3 மாதமும் வீண்.

அதற்கு முன்பு, தகப்பனுக்கு என்று தனியாக 2 வாரம் லீவு கிடைத்ததே 1998-ல்தான். இப்போது ஒரேயடியாக 3 மாதம்! நாடு தாங்காது என்று நினைத்தோ என்னவோ, 2001-ல் ஒரு மாதம், 2002-ல் இரண்டு மாதம், 2003-ல் மூன்று மாதம் என்று படிப்படியாகக் கொண்டு வந்தார்கள்.

லீவில் இருக்கும்போது சம்பளத்தில் 100-க்கு 80 பங்கு கிடைக்கும். அந்தப் பணத்தை யார் கொடுப்பது? தனி முதலாளி கொடுக்க வேண்டியதில்லை. எல்லா முதலாளிகளும் சம்பளத் தொகைக்கு ஏற்றபடி கட்டும் வரியிலிருந்து ஒரு பொது நிதி ஏற்படுத்தினார்கள். அதிலிருந்து பணம் வரும். ஆகவே, "பெண்ணை வேலைக்கு வைத்தால் எனக்கு நஷ்டம்" என்று சொல்ல ஒரு முதலாளிக்கும் வழி இல்லாமல் போயிற்று.

ஆண்கள் போனார்களா?

போனார்கள்! மிகப் பெரும்பாலான தகப்பன்மார்கள் லீவு எடுத்தார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஆண்கள் தெருவில் நடப்பது சாதாரணக் காட்சி ஆயிற்று. மீன் பிடிப்பவரும் போனார். பாங்கி அதிகாரியும் போனார்.

இப்போது முதலாளியின் கணக்கைப் பாருங்கள். "இந்தப் பெண்ணும் லீவில் போவாள். இந்தப் பையனும் லீவில் போவான்." அப்புறம் என்ன? யாருக்குத் திறமை அதிகம் என்றுதான் பார்க்க வேண்டும்!

ஆணுக்கு என்ன லாபம்?

"இதெல்லாம் பெண்களுக்கு நல்லது. எங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று ஆண் வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

முதலில் கிடைத்தது குழந்தை! அப்பா என்றால் இரவில் வந்து தூங்கிவிட்டுக் காலையில் போகும் மனிதர் என்ற நிலைமை மாறிற்று. லீவு முடிந்த பிறகும் அந்தத் தகப்பன்மார்கள் குழந்தை வளர்ப்பில் முன்னைவிட அதிகப் பங்கு எடுத்துக்கொண்டார்கள் என்று அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

இரண்டாவதாக, குடும்பத்தில் அமைதி. இந்தச் சட்டம் வந்த பிறகு குழந்தை பெற்ற தம்பதிகளிடையே, அதற்குச் சற்று முன்பு பெற்றவர்களைவிட, விவாகரத்துக் குறைந்தது என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்தது.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2008-ல் ஐஸ்லாந்தின் பெரிய பாங்கிகள் விழுந்தன. சர்க்கார் கஜானா காலி. லீவுக் காலத்தில் கொடுக்கும் பணத்துக்கு இருந்த உச்ச வரம்பைக் குறைத்தார்கள். என்ன நடந்தது? லீவு எடுக்கும் ஆண்கள் குறைந்துவிட்டார்கள்!

மனம் மாறிவிட்டதா? இல்லை. கைக்கு வரும் பணம் குறைந்தது. குடும்பம் நடக்க வேண்டுமே என்று ஆண்கள் வேலைக்கே போனார்கள். ஆண்களைத் திருத்த உபதேசம் மட்டும் போதாது. அவர்கள் நல்லது செய்வதற்கு வசதியான ஏற்பாடும் வேண்டும்.

பிறகு நிலைமை தேறியது. 2021-ம் ஆண்டு முதல் லீவு 12 மாதம் ஆயிற்று. தாய்க்கு 6 மாதம். தகப்பனுக்கு 6 மாதம். அதில் 6 வாரத்தை மட்டும் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

சலூனில் ஒரு மாநாடு

சட்டம் வீடு வரைக்கும் வரும். லீவு கொடுக்கும். ஆனால் நாலு ஆண்கள் கூடியிருக்கும்போது என்ன பேசுகிறார்கள் என்பதைச் சட்டம் மாற்ற முடியுமா?

இதற்கும் ஐஸ்லாந்து ஒரு வழி தேடியது. தென் அமெரிக்காவில் உள்ள சுரினாம் என்ற நாட்டோடு சேர்ந்து, 2015-ம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் ஒரு மாநாடு கூட்டியது. அந்த மாநாட்டுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "முடி திருத்தும் கடை!"

ஆண்கள் மனம் விட்டுப் பேசும் இடம் அதுதானே? அங்கே பேசுகிற மாதிரி ஆண்கள் ஆண்களோடு பேச வேண்டும். பெண்களின் உரிமையைப் பற்றி ஆண்களே ஆண்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது நோக்கம். "பெண்களின் பிரச்சினைக்கு ஆண்கள் மாநாடா?" என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் விஷயத்தில் சத்து இருந்தது. ஆபீசுகளிலும் சங்கங்களிலும் ஆண்கள் இதே போலக் கூடிப் பேசுவதற்கு ஒரு கையேடும் பின்னர் வெளியிட்டார்கள்.

சலூனைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? பெஞ்சில் நாலு பேர். கையில் பத்திரிகை. ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்வார்கள். தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று முடிவு செய்வது அங்கேதான். "பொம்பளைக்கு எதற்கு மானேஜர் வேலை?" என்ற பேச்சும் அங்கேதான் கிளம்பும். மூன்று பேர் சிரிப்பார்கள்.

அந்த மூன்று பேரில் ஒருவர் சிரிக்காமல் இருந்தால்? "அண்ணே, என் தங்கச்சியும் மானேஜர்தான். நல்லாத்தான் பாக்குது" என்று ஒருவர் சொன்னால்? பேச்சு அங்கேயே திசை மாறிவிடும். அதே வார்த்தையை ஒரு பெண் சொன்னால் சண்டைக்காரி என்பார்கள். ஆண் சொன்னால் கேட்பார்கள். நியாயம் இல்லைதான். ஆனால் இன்றைக்கு நிலைமை அப்படி இருக்கிறது. அப்படி இருக்கும்வரை, பேச வேண்டிய கடமை ஆணுக்கு இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு

நம் நாட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில், 10-க்கு 4 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது நமக்குப் பெருமை.

பிரசவ லீவிலும் நாம் பின்தங்கவில்லை. 2017-ம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று ஆக்கினார்கள். தமிழ்நாடு சர்க்கார் தன் பெண் ஊழியர்களுக்கு 2021-ல் அதை 12 மாதமாக உயர்த்தியது. பாராட்ட வேண்டிய காரியங்கள்.

தகப்பனுக்கு?

மத்திய சர்க்கார் ஊழியராக இருந்தால் 15 நாள். தனியார் கம்பெனியில் வேலை என்றால், இத்தனை நாள் கொடுத்தே ஆக வேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் இல்லை. கம்பெனி மனது வைத்தால் உண்டு.

2023-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், மனைவியின் பிரசவத்துக்காக லீவு கேட்டார். முதலில் கொடுத்தார்கள், பிறகு ரத்து செய்தார்கள். அவர் மனைவியின் பக்கத்தில் இருந்துவிட்டார். உடனே, "வேலையை விட்டு ஓடிப்போனவர்" என்று உத்தரவு போட்டார்கள்! ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. தகப்பன்மார்களின் லீவுக்கு ஒரு சட்டம் தேவை என்றும் சொல்லிற்று.

பெற்ற குழந்தையைப் பார்க்கப் போன தகப்பனுக்கு "ஓடிப்போனவன்" என்று பெயர்! சிந்திக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்றும் பாருங்கள். இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேராத இடங்களில், 26 வாரச் சம்பளத்தையும் அந்தந்த முதலாளியே கொடுக்க வேண்டும். தாய்க்கு 26 வாரம். தகப்பனுக்கு ஒன்றும் இல்லை. ஐஸ்லாந்து முதலாளி 2000-ம் ஆண்டுக்கு முன்பு போட்ட அதே கணக்கை, நம் ஊர் முதலாளி இன்றைக்குப் போட மாட்டாரா? பெண்ணுக்கு நன்மை செய்யப் போய், அதுவே அவளுக்கு வேலை கிடைக்காமல் செய்துவிடக் கூடாது அல்லவா?

பெண்ணின் லீவைக் குறைப்பது வழி அல்ல. ஆணின் லீவைக் கூட்டுவதுதான் வழி.

88 நிமிடம்

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை ஆண்கள் என்ன செய்யலாம்?

ஆபீசில் ஒரு வாரம் கண்ணைத் திறந்து பாருங்கள். கூட்டம் நடக்கும்போது குறிப்பு எடுக்கும் வேலை யார் தலையில் விழுகிறது? யாருக்காவது பிரிவு உபசார விழா என்றால் பணம் வசூல் செய்வது யார்? பெண் சொன்ன யோசனை காற்றில் போய், அதையே 10 நிமிடம் கழித்து ஓர் ஆண் சொன்னதும், "பலே!" என்று எல்லோரும் தலையாட்டுகிறார்களா? அந்த நேரத்தில், "இதை முதலில் சொன்னது அந்த அம்மாள்தான்" என்று சொல்ல ஓர் ஆண் போதும். செலவு ஒன்றும் இல்லை.

முக்கியமான பேச்சை எல்லாம் மாலை 6 மணிக்கு வைக்கும் அதிகாரியாக நீங்கள் இருந்தால், அதைக் காலை 11 மணிக்கு மாற்றுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பையன், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று அரை நாள் லீவு கேட்டால், "ஏன், வீட்டிலே அம்மா இல்லையா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி, அவனையும் கெடுக்கிறது. பக்கத்து மேஜையில் இருக்கும் பெண்ணின் வேலையையும் கெடுக்கிறது.

அடுத்தது வீடு.

2024-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒரு கணக்கு எடுத்தது. நம் நாட்டில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம். ஏறக்குறைய 5 மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடும் நேரம் 88 நிமிடம். அதுவும், வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. கையே வைக்காதவர்கள் இதில் சேரவில்லை!

ஆபீசில் பெண் ஏன் சீக்கிரம் கிளம்புகிறாள், ஏன் வெளியூர் வேலையை ஏற்கத் தயங்குகிறாள், ஏன் பதவி உயர்வு வேண்டாம் என்கிறாள் என்று கேட்கிறோமே, அதற்கு விடை இந்த 289-க்கும் 88-க்கும் நடுவில் இருக்கிறது.

ஐஸ்லாந்திலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2023-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, பெண்கள் மறுபடியும் ஒரு நாள் முழுவதும் வேலையை நிறுத்தினார்கள். அப்போதைய பிரதம மந்திரி காட்ரின் யாகப்ஸ்டோட்டிரும் பெண்தான். அவரும் அன்று வேலைக்குப் போகவில்லை! சம்பளத்தில் இன்னும் வித்தியாசம் இருக்கிறது. பெண்கள் மீது பலாத்காரம் இன்னும் நிற்கவில்லை என்பது அவர்கள் குறை. முதல் இடத்தில் இருக்கும் நாடே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

2024-ல் அங்கே ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹல்லா தோமஸ்டோட்டிர் என்ற பெண். 1975-ல் அந்த நீண்ட வெள்ளிக்கிழமை அன்று அவர் 7 வயதுச் சிறுமி.

வீட்டில் நடப்பதை எல்லாம் குழந்தைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்பா கையில் கரண்டி இருந்ததா, இல்லையா என்பது அவர்களுக்கு நினைவு இருக்கும். நாளைக்கு அவர்களே முதலாளிகள் ஆவார்கள், மானேஜர்கள் ஆவார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பத்திரிகையை நீங்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் காபி இருக்கும். உங்களுக்கு இன்று லீவு.

அந்தக் காபியைப் போட்டவருக்கு?

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, எழுந்து உள்ளே போய்ப் பாருங்கள்.